ஒரு பக்கம் மட்டும் போட்ட இணைப்பு

என்னங்க,

வணக்கம் போட்டு எழுதினால் சிரிப்பீர்கள், போடாமல் விட மனசு கேட்கவில்லை. வணக்கம். நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் போனை எடுப்பதில்லை. உங்கள் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன்.

வீடு அப்படியே இருக்கிறது. அத்தையின் மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தினமும் இடம் மாற்றுகிறேன். நேற்று ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

தலைமை மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் உங்கள் நாற்காலிக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். போன வாரம் அவளும் கிளை மருத்துவமனையிலிருந்து நானுமாகக் கிளவுடில் இரண்டு வலையமைப்புகளை இணைத்தோம். நாம் செய்வதுபோலவே போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒருத்தி வாசிக்க மற்றவள் தட்ட, அவரவர் பக்கத்துக் கட்டளையைப் போட்டோம். "ஏங்க்கா, மெசேஜ்ல அனுப்பினா போதாதா?" என்று கேட்டாள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மருத்துவமனை வலையமைப்புக்கும் ஒரே முகவரி எண் வரிசையைக் கொடுத்துக் குழப்பியது என் தப்பு. அதை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தது உங்கள் தப்பு. மூன்று நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. முகவரியைத் திருத்தியாயிற்று, திங்கள் காலை பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். என் பக்கத்துக் கட்டளையைப் பத்து மணிக்குப் போட்டேன். உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களோ உங்கள் பக்கத்துக் கட்டளையைப் போட, வழக்கம்போல என் போனுக்குக் காத்திருந்தீர்கள்.

பதினொன்றரைக்கு அத்தையைக் கிளைக்குக் கொண்டுவந்தார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு. ஸ்கேன் படம் உங்கள் பக்கத்து மூளை டாக்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. மெஷின் கோளாறு என்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்தபடி நின்றேன், நம் இணைப்புதான் காரணம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தபோது ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

விசாரணையில் நீங்கள் எழுந்து, "அவ போட்டுட்டா, நான்தான் மறந்துட்டேன்" என்றீர்கள். பெற்ற தாயைப் பறிகொடுத்த நீங்கள் என் பழியையும் தலையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனீர்கள். நான் வாயே திறக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் கவனிக்காமல் விட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. திரையில் 'இனிஷியேட்டட்' என்று பாதியில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மறுபக்கமும் போட்டால்தான் 'கனெக்டட்' ஆகும் என்று எனக்குத் தெரியாதா? 'அவரே கூப்பிடட்டும்' என்று வீம்பாக டீ குடிக்கப் போனேன்.

இன்று காலை பெரிய டாக்டரிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். இதைப் படித்தபின் நீங்கள் என்னை வெறுக்கலாம், அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

அத்தை கடைசியாகக் கண் திறந்தபோது, "ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்று கேட்டார்கள். பேசிட்டோம் அத்தை என்று பொய் சொன்னேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தப் பொய்யை என் ஒருத்தியால் நிஜமாக்க முடியாதுங்க. திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி