பால்ராஜ் வெளியேறினார்

என் அன்பான என்னங்க,

இருபத்தெட்டு வருஷத்தில் உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத உட்கார்ந்தாலும் இதுதான் வருகிறது. முதலாம் ஆண்டு நினைவுக்குச் சபைப் பத்திரிகையில் போட ஒரு போட்டோவும் நாலு வரியும் கேட்டார்கள். நாலு வரியில் எதைச் சொல்வது? கொஞ்சம் நீளமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். பரவாயில்லை. நம் ஹாலில் நீங்கள் பேசியது எப்போதும் பாதித் தெருவுக்குக் கேட்டதுதானே.

செம்பாக்கத்தில் இரண்டு நாளாக மழை. ஏரி நிரம்பிவிட்டது. மாடியில் நின்று பார்த்தால் தண்ணீரும் வானமும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இந்த மாதிரி நாட்களில் எனக்கு நேரமும் அப்படித்தான் கலந்துவிடுகிறது. நேற்று சாயங்காலம், திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து நீங்கள் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. எழுந்து போய் அடுப்பில் பால் வைத்துவிட்டேன். பொங்கி வந்தபோதுதான் நினைவு வந்தது. அப்புறம் நானே காபி போட்டுக் குடித்தேன்.

உங்களுக்குச் சொல்ல நிறையச் செய்தி இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும். ஞாயிறு சாயங்காலமானால் நம் வீட்டில் கால்பந்து. ரயில்வேயில் வேலை பார்த்த துரை அண்ணன் மேற்குத் தாம்பரத்திலிருந்து வருவார். உங்களோடு ஒரே பட்டறையில் லேத் ஓட்டிய பாஷா பாய் வருவார். உங்கள் கல்லூரித் தோழன் சாமுவேல் அமெரிக்காவிலிருந்து போனில் வருவார். அவருக்கு அது காலை நேரம். நாலு பேரும் சேர்ந்து எந்த நாடு உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும், எது பெறாது என்று அடித்துக்கொள்வீர்கள். ஏதோ உங்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது என்பதுபோல.

நான் டீ கொண்டுவருவேன். கதவோரம் நின்று பார்ப்பேன். ஒருநாள் வாயைத் திறந்துவிட்டேன். "அந்த கோல்ல கீப்பர் மேல தப்பு இல்லீங்க. ரெண்டு டிஃபெண்டரும் ஒரே ஆளைப் பிடிக்கப் போயிட்டாங்க" என்றேன்.

துரை அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, தங்கச்சி கூட மேட்ச் பாக்குதுடா! எஸ்தரும்மா, ஆஃப்சைடுன்னா இன்னா, சொல்லு பாப்போம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு ஆஃப்சைடு தெரியும். சொல்லாமல் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இதை உங்களிடம் நான் பேசியதே இல்லை. இப்போது சொல்கிறேன், வலித்தது. துரை அண்ணன் சிரித்ததை அன்றே மறந்துவிட்டேன். நீங்கள் சிரித்ததை மறக்க ரொம்ப நாள் ஆயிற்று.

அப்புறம் சர்க்கரை உங்கள் கண்ணில் கை வைத்தது. டிவியில் பச்சையாக ஏதோ அசைகிறது, அவ்வளவுதான் தெரிகிறது என்றீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பந்து இப்போது யாரிடம், யார் ஓடுகிறார், யார் ஓடாமல் நிற்கிறார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். சில சமயம் உங்கள் கால்விரல்கள் போர்வைக்குள் அசையும். அந்த நேரங்களில் ஹால், மைதானம், நாம் இரண்டு பேர் எல்லாம் ஒரே கனவுக்குள் இருப்பதுபோல் இருக்கும் எனக்கு.

கத்தாரிடம் தோற்று நம் ஆண்கள் அணி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே வந்த ஆட்டத்தையும் நான் சொல்லித்தான் கேட்டீர்கள். "என் ஆயுசுல நம்ம நாடு உள்ள போவாது, எஸ்தர்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லா பாக்குற. பந்தைப் பாக்காம ஆளைப் பாக்குற. இது எப்பலேர்ந்து?" என்று கேட்டீர்கள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்றேன்.

என் கையைத் தேடிப் பிடித்தீர்கள். "நான் கேக்கவே இல்ல, பாரு" என்றீர்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு யாரும் வரவில்லை. வந்தால் எங்கே பார்ப்பது, எதைப் பேசுவது என்று அவர்களுக்குக் கூச்சம். ஆனால் உங்கள் போனை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் உங்கள் நாலு பேர் குழு இருந்தது, 'தாம்பரம் ஃபுட்பால்'. முதல் சில மாதம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். சமையலறை அலமாரி மேல் உங்கள் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது துணையாக இருந்தது. எல்லாவற்றையும் படிப்பேன். எழுத மாட்டேன்.

ஒருநாள் சாமுவேல் குழுவின் பெயரை 'தாம்பரம் சாக்கர்' என்று மாற்றிவிட்டார். அமெரிக்காவில் கால்பந்துக்கு அதுதான் பெயராம். கேட்க வேண்டுமா? துரை அண்ணன் குரல் பதிவாகவே அனுப்பினார். "இன்னாடா சாக்கர்? கால்ல ஆடறதுதான் ஃபுட்பால். கையில தூக்கிகினு ஓடறதுக்கு உங்க ஊர்ல அந்தப் பேர வச்சிக்கினா, அதுக்கு நாங்க இன்னா பண்றது?" சாமுவேல், சாக்கர் என்ற வார்த்தையே இங்கிலாந்தில் பிறந்ததுதான் என்று எழுதினார். பாஷா பாய், "ரெண்டும் வேணாம்ப்பா, கால்பந்துன்னு தமிழ்ல வைங்க, பேஜார் முடிஞ்சிது" என்றார். முடியவில்லை. "நாடு மாறினா பேரும் மாறிடுமா? அப்ப நீ யாரு?" என்று துரை அண்ணன் கேட்டுவிட்டார். அன்று சாமுவேல் குழுவை விட்டுப் போய்விட்டார். நாற்பது வருஷத்துச் சிநேகிதம், ஒரு வார்த்தையில் நின்றுபோனது.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? துரை அண்ணன் பக்கம் நின்று இன்னும் பலமாகக் கத்தியிருப்பீர்கள். மறுநாள் யாருக்கும் தெரியாமல் சாமுவேலுக்குப் போன் போட்டிருப்பீர்கள். இல்லையா?

இப்போது முக்கியமான செய்தி. நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது! தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல் முறையாம். கடைசி ஆட்டம் தாய்லாந்தோடு, அதுவும் அவர்கள் ஊரிலேயே. நேரலை எங்கே வருகிறது என்று தேடி, உங்கள் போனில்தான் பார்த்தேன். முதலில் நாம் ஒன்று போட்டோம். அவர்கள் சமன் செய்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. ஹாலில் நடந்துகொண்டே பார்த்தேன். அந்தப் பெண்கள் ஓடுவதைப் பார்க்கையில், அவர்கள் ஓடுவது இங்கே, நம் ஜன்னலுக்கு வெளியே, ஏரிக்கரை மேல் என்று தோன்றியது. இரண்டாவது கோல் விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதினார்கள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். கையில் இருந்தது உங்கள் போன். யோசிக்கவே இல்லை. குழுவில், "உள்ளே போயிட்டோம்!" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

குழு அப்படியே உறைந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்து என் போனில் துரை அண்ணன். "எஸ்தரும்மா... பால்ராஜ் நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்துகீது..."

"நான்தான் அண்ணா. நம்ம பொண்ணுங்க ஜெயிச்சிட்டாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமை வரட்டாம்மா?" என்றார்.

வந்தார்கள். பாஷா பாய் உங்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் டீயை வைத்துவிட்டு, கதவோரம் போகாமல் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். துரை அண்ணன்தான் ஆரம்பித்தார். "சந்தோசம்தாம்மா. ஆனா இது ஆசியக் கோப்பைதான? உலகக் கோப்பை இல்லியே."

"இதுலேர்ந்துதான் அண்ணா உலகக் கோப்பைக்கு ஆள் எடுக்கறாங்க. முதல் ஆறு இடத்துக்குள்ள வந்தா போதும். இத்தனை வருஷமா ஆம்பளைங்க டீமையே பாத்துக்கிட்டு இந்தியா போகாது, போகாதுன்னு சொல்லிட்டிருக்கீங்க. இவங்களும் இந்தியாதானே?"

பாஷா பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "சிஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டு."

துரை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு ஆஃப்சைடு கேட்டனே... நீ ஒண்ணும் சொல்லாம உள்ள போய்ட்ட."

"தெரிஞ்சுதான் போனேன் அண்ணா."

அவர் மெதுவாகச் சிரித்தார். இந்தத் தடவை அது என்னைக் கேலி செய்த சிரிப்பில்லை.

அந்தத் தைரியத்தில் அங்கேயே சாமுவேலுக்குப் போன் போட்டேன். "அண்ணி" என்றார். ஏன் பேரை மாற்றினீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"என் பொண்ணு ரேச்சல் இங்க ஸ்கூல் டீம்ல கோல்கீப்பர், அண்ணி. நம்ம குரூப்பைப் பாத்துட்டு, 'அப்பா, இதுல என் கேம் பேரே இல்லையே'ன்னா. அவளையும் இதுல சேக்கணும்னு ஆசைப்பட்டேன். பால்ராஜ் போனப்புறம் எனக்கு அங்க பேச ஆளு குறைஞ்சு போச்சு. அவ்ளோதான்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். துரை அண்ணன் அதைக் கையில் வாங்கினார். "ஏண்டா டேய், இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்றவர், போனோடு பால்கனிக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

இப்போது குழுவுக்கு 'ஞாயிற்றுக்கிழமை' என்று பெயர். நான் வைத்தது. ஃபுட்பாலா, சாக்கரா, கால்பந்தா என்று அவரவர் இஷ்டப்படி சொல்லிக்கொள்கிறோம். சாமுவேல் திரும்பி வந்துவிட்டார், ரேச்சலும் இருக்கிறாள். கேப் வெர்டே என்ற சின்ன நாடு உலகக் கோப்பைக்குப் போனதும், குராசோ என்ற குட்டித் தீவு போனதும் அவள்தான் முதலில் சொன்னாள். "அந்தத் தீவுல கீற ஜனத்தைவிட நம்ம தாம்பரத்துல ஜாஸ்தி ஆளு கீதே, நாம ஏன் தனி நாடா அப்ளை பண்ணக் கூடாது?" என்று துரை அண்ணன் எழுதினார். அதற்கு ஒரு வாரம் சண்டை.

ஒரு காரியம் செய்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் எண்ணை அதில் சேர்த்துவிட்டு, உங்கள் எண்ணிலிருந்து வெளியே வந்தேன். உங்கள் பெயரில் நான் பேசிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது. 'பால்ராஜ் வெளியேறினார்' என்று ஒரு சின்ன வரி வந்தது. ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த காகிதத்தை வாங்கியபோதுகூட நான் அப்படி அழவில்லை. அந்த வரிக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு நாள் முழுக்க அதை அப்படியே விட்டிருந்தார்கள். பிறகு ரேச்சல், "வெல்கம், எஸ்தர் ஆன்ட்டி" என்று எழுதினாள்.

வருகிற மார்ச்சில் நம் பெண்கள் ஆஸ்திரேலியாவில் ஆடப் போகிறார்கள். எதிரே பெரிய பெரிய அணிகள். பயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் ஹாலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நாற்காலியில் இனி யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஜெயித்தால் நான் கல்லறைத் தோட்டத்துக்கு வர மாட்டேன். அன்றைக்கு எனக்கு இங்கே ஆள் இருக்கும், சத்தம் இருக்கும். தோற்றால் மறுநாள் காலையிலேயே வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவேன். ஜெயித்ததை யாரிடமும் பேசிவிடலாம். தோற்றதைப் பேச எனக்கு நீங்கள்தான் வேண்டும்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தர்