படிக்கட்டு கேட்ட கேள்விகள்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் இருமலும் என்னை விட்டுப் பிரியாமல் சௌக்கியமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள், ஈமெயில் என்றால் என் பாஸ்வேர்டு என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து நீ குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு எங்க மேல கோபமாப்பா, கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, ஒரு தடவைகூட எங்க வீட்டுக்கு வரலியே" என்று கேட்டாயே, நான்கூட ஏதோ மழுப்பினேனே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு எனக்கே பதில் தெரியாது. செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, முழங்கால் வலி, தண்ணீர்த் தொட்டி ரிப்பேர் என்று அவள் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்வதை நானும் கோபம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பதில் தெரியும், அது கிடைத்த இடம்தான் வேடிக்கை. நான் லிஃப்ட் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும், "சும்மா உக்காந்து அம்மா உயிரை வாங்காதீங்க, உங்க லிஃப்ட் கதையெல்லாம் எழுதுங்க" என்று நீ இன்டர்நெட்டில் ஆரம்பித்துக் கொடுத்தாயே ஒரு பிளாக், அதில்தான் கிடைத்தது. அதற்கு இந்த வாரத்தோடு ஒரு வயது முடிகிறது.

இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஆரம்பத்தில் பிளாக் ஈ ஓட்டியது. எனக்கு அது தெரியவில்லை, தினம் நாற்பது பேர் படிக்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டியதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், எதிர்வீட்டு டெய்லரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். மாப்பிள்ளைதான் ஒருநாள் தயங்கித் தயங்கி, "மாமா, நீங்க திறந்து பாக்குறதும் அதுல சேரும்" என்றார். அந்த நாற்பது பேரும் நான்தான். சப்பென்று ஆகிவிட்டது, ஆனால் எண்ணிக்கை பார்ப்பதை விட்ட பிறகுதான் எனக்கு எழுத்தே கைக்கு வந்தது. மோட்டாரின் வரலாறு, கம்பிக் கயிற்றின் வகைகள் என்று மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை ஒருவரும் சீண்டவில்லை, பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வருமா என்று ஒரு காபி ஆறுவதற்குள் கிறுக்கியதை எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து படித்தார்கள். (வராது. ஒரு தடவை அமுக்கினாலே போதும், அதற்குக் காது நன்றாகக் கேட்கும்.) ஒரு இன்ஜினியர் நான் எழுதுவது பாதி தப்பு என்று சண்டைக்கு வந்தார், சூடாகப் பதில் எழுதிவிட்டு, அனுப்பும் முன் இன்னொரு தடவை படித்தால் அவர் சொன்னதில் ஒன்று சரி. திருத்திப் போட்டேன், அன்றிலிருந்து அவர் என் கட்சி. யாருக்கும் லிஃப்டைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையில்லை சிட்டு, அதற்குள் நிற்கும்போது தனக்கு என்ன ஆகும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதைப் புரிந்துகொண்டபின் யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் காலை வேலை ஆயிற்று.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் தன் பெயரைப் "படிக்கட்டு" என்று போட்டுக்கொண்டவர். முதல் கேள்வி, "ஐயா, கதவு மூடினதும் உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து எங்கேருந்து வரும்?" என்பது. இத்தனை வருஷ வேலையில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. லிஃப்ட் ஒன்றும் மூடிபோட்ட டப்பா இல்லை, சுற்றிலும் இடுக்கு உண்டு, மேலே துவாரம் உண்டு என்று எழுதினேன். பிறகு ஆள் ஏறும்போது ஏன் லேசாக அமுங்குகிறது, கிளம்பும்முன் "டக்" என்பது என்ன, கரண்ட் போனால் விழுந்துவிடுமா என்று ஒவ்வொன்றாக வந்தது. கரண்ட் இருந்தால்தான் பிரேக் விடும், போய்விட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும் என்று இதற்காகவே ஒரு பதிவு போட்டேன். ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "என் பொண்ணு பதினாலாவது மாடில இருக்கா ஐயா. மூணு வருஷமா சாக்கு சொல்லிட்டே இருக்கேன். ஏன் பயம்னு எனக்கே தெரியாது, அந்தக் கதவு ரெண்டும் வந்து சேர்றதைப் பாத்தாலே திரும்பிப் படிப் பக்கம் போயிடறேன். அவ நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கப் போறா." படித்துவிட்டு, பாவம் யார் பெற்ற தாயோ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உன் அம்மாவிடமே போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "பாவம்தான், நல்லா வெவரமா பதில் எழுதுங்க" என்றாள்.

என் மரமண்டைக்கு அப்போதும் ஏறவில்லை. ஒருநாள் அவள் காய் நறுக்கும்போது ஒரு பழைய கதை சொல்ல ஆரம்பித்தேன், ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், கட்டிலில் ஒரு பெரியவரும் கூட ஒரு நர்ஸும் மாட்டிக்கொண்ட கதை. பாதியில் போன் வந்தது, எழுந்து போனவன் முடிவைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் படிக்கட்டு கேட்கிறது, "ஐயா, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டின பெரியவரும் நர்ஸும் அப்புறம் எப்படி வெளிய வந்தாங்க?" பிளாக்கில் தேடினேன், அந்தக் கதையை நான் எழுதவே இல்லை. அதைக் கேட்ட ஒரே ஜீவன் அடுக்களையில் இருந்தது.

படிக்கட்டின் பழைய கேள்விகளை எல்லாம் முதலிலிருந்து மறுபடி படித்தேன் சிட்டு. நாம் எப்போதும் தரைத்தளத்திலேயே குடியிருந்ததால் எனக்குத் தெரிய வழியில்லை என்று சொல்லலாம், ஆனால் பல் டாக்டரிடம் போனாலும் துணிக்கடைக்குப் போனாலும் இவள் படியில்தான் வருவாள், "காலுக்கு நல்லது" என்பாள். முழங்கால் வலிக்கிறவள் எதற்குப் படியேறுகிறாள் என்று யோசிக்காதவன் பெயர் லிஃப்ட் மெக்கானிக். முதலில் தோன்றியது, பக்கத்து அறையில் இருக்கும் என்னை விட்டுவிட்டு ஏன் பிளாக்கில் போய்க் கேட்டாள் என்பதுதான். யோசித்தால் விடை சுலபம். வீட்டில் கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன், லிஃப்ட்காரன் பொண்டாட்டிக்கு லிஃப்டுன்னா பயமா என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். பிளாக்கில் இருக்கும் ஐயா சிரிக்க மாட்டார். அதனால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பதிலைப் போட்டேன்: மேலே இருந்து கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து கதவைத் திறந்தோம் அம்மா, பெரியவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று சாப்பிடும்போது அவள் தானாகச் சிரித்துக்கொண்டாள், நான் சுவரைப் பார்த்தேன். நான் அவளை வாங்க போங்க என்கிறேன், அவள் என்னை ஐயா என்கிறாள், கல்யாணத்தன்றுகூட எனக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

போன வாரம் படிக்கட்டு எழுதியது, "இன்னிக்கு லிஃப்ட்ல ரெண்டாவது மாடி வரைக்கும் தனியா போயிட்டு வந்தேன் ஐயா. உள்ளங்கை பூரா வேர்வை." அன்றைக்குத்தான் அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே, "சிட்டு வீட்டுக்கு டிக்கெட் பாருங்க" என்றாள். ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துவிட்டேன், அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறோம், தேதியை அவளே போனில் சொல்லட்டும், நீ புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள். இரண்டு மாடிக்கும் பதினாலு மாடிக்கும் வித்தியாசம் உண்டு, எனக்குக் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. கீழே வந்து அவள் ஏறாமல் நின்றுவிட்டால் மாப்பிள்ளை அவசரப்படுத்த வேண்டாம், பயப்படாதீங்க அத்தை என்றும் சொல்ல வேண்டாம், வந்த லிஃப்ட் போகட்டும், இன்னொன்று வரும். அன்றைக்கு முடியாமல் திரும்பிவிட்டாலும் அது கோபம் இல்லை என்று உனக்கு இப்போது தெரியும். உன்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததே இல்லை கண்ணு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, நாங்கள் வரும்போது மேசைமேல் கிடக்க வேண்டாம். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம், அம்மாவுடையதையும் அவளைக் கேட்காமல் நானே சேர்த்து அனுப்புகிறேன், நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருங்கள். இன்னும் ஒன்று. இன்று காலை படிக்கட்டு கேட்டிருக்கிறது, "ஐயா, கடைசியா ஒண்ணு. மேல போய்க் கதவு திறக்கும்போது முதல்ல என்ன தெரியும்?" நான் இன்னும் பதில் போடவில்லை. மாப்பிள்ளை மட்டும் எங்களை அழைக்க வரட்டும். நீ கீழே இறங்காதே, பதினாலாவது மாடியில் அந்தக் கதவுக்கு நேர் எதிரே வந்து நின்றுகொள்.

உன் அப்பா