மீதி என்று ஒரு பெயர்

ஜூன் 4
மழைக்கு முந்தைய வியாபாரம். தார்ப்பாய் நிற்காமல் போகிறது. சாயங்காலம் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "பொண்ணா பொறந்தா உன் பேருதாம்மா." அளந்துகொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவியது. சரக்கு இறங்குமுன் யாராவது பில் போடுவார்களா? திட்டி அனுப்பினேன். போன தடவை ஏழாம் மாதத்தில் கலைந்தது. அதற்கும் பெயர் பார்த்து வைத்திருந்தாள்.

ஜூன் 5
மீதி. இப்படியும் ஒரு பெயர். "மீதியக்கா, மீதியக் குடுங்க" என்று இளிக்காத வாடிக்கையாளன் கிடையாது. நானும் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றிவிடுவேன். ஆனால் எனக்கு முன் பிறந்த நால்வரும் தங்கவில்லை. போனது போக நின்றவள் நான், அதனால் இந்தப் பெயர். அதைப் போய்ப் பேத்திக்கு வைத்தால் — எது போக அவள் மீதி? எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 9
பொய் சொல்லிப் பார்த்தேன். "பதிவு பண்ணவன் ஏதோ தப்பா எழுதிட்டான்டி. அர்த்தமெல்லாம் கிடையாது."
"கிழிஞ்ச தார்ப்பாயப் புதுசுன்னு விக்கிறப்பகூட உனக்கு இப்படி வேர்க்காதேம்மா."
நான் ஒருநாளும் கிழிந்ததை விற்றதில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் 17
வேறு பெயர் வைத்தால் தொட்டிலிலிருந்து கம்மல்வரை என் செலவு என்றேன். "பேரத்துக்கு வேற ஆளப் பாரு" என்கிறாள். யார் பெற்ற பிள்ளை!

ஜூன் 23
மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்.

ஜூன் 24
மனசு கேட்காமல் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்குக் காது மந்தம். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"எங்கம்மா ஏன் பெரியம்மா இப்படி ஒரு பேரு வச்சா?"
"அவ எங்கடி வச்சா? பொறந்ததும் உனக்கு ஜுரம். மடியில போட்டுக்கிட்டு, 'இது ஒண்ணாவது மீதி இருக்கட்டும், மீதி இருக்கட்டும்'னு பொலம்பிக்கிட்டே கிடந்தா. அதக் கேட்டுக் கேட்டு நாங்க உன்ன அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிட்டோம்."
அப்போது அது பெயரே இல்லை. கெஞ்சல். தெரிந்தபின் பயம் குறைய வேண்டாமா? கூடுகிறதே. அம்மா எவ்வளவு பயந்திருந்தால் அப்படிப் புலம்பியிருப்பாள்?

ஜூன் 25
மகளிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "கதை தெரியாது. ஆனா இந்தப் பேரு உள்ளவ தங்கிட்டாள்ல? அதுக்குத்தாம்மா கேட்டேன்" என்றாள்.
அவளுக்கும் பயம்தான். வாய்க்கு வாய் பேசி மறைத்திருக்கிறாள். இது தெரியாமல் நான் கம்மலை வைத்துப் பேரம் பேசியிருக்கிறேன்.

ஜூலை 2
ஆஸ்பத்திரி. நாள் இன்னும் ஆகவில்லை, அதற்குள் மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். குழந்தையின் துடிப்பு குறைகிறதாம். ஆபரேஷன் என்கிறார்கள். ஐயோ, யாராவது வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன் —

ஜூலை 5
மகள் எழுந்து உட்கார்ந்தாள். பேத்தி இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். முகம் என் உள்ளங்கையில் பாதி இருக்கும். இன்று மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். சொட்டுச் சொட்டாகப் பால் குடித்தாள். பெட்டியில் ஒட்ட வேண்டும், என்ன பெயர் என்று நர்ஸ் கேட்டார். மகள் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன்.
மருமகன் என்னையே பார்த்தார். "அத்தை, அன்னைக்கு ஆபரேஷன் ரூம் வாசல்லயும் இதையேதான் விடாம சொல்லிக்கிட்டு இருந்தீங்க. பயத்துல உங்க பேரையே சொல்றீங்கன்னு நெனச்சேன்."
எனக்கு ஒன்றும் நினைவில்லை.