கொல்லம் ஆண்டும் கள்ளிப்பெட்டி மரமும்

இன்று காலை அடுத்த வீட்டுக்கு வானொலிப் பெட்டி வந்தது. அதை அடைத்திருந்த கள்ளிப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கியதும் சீமை மரத்தின் பிசின் மணம் என் அறைவரை வந்துவிட்டது. உன் சட்டையில் எப்போதும் இருந்த மணம். உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது என்பது இரண்டாம் வரியில்தான் உறைத்தது.

செங்கோட்டையில் தேயிலைப் பெட்டி செய்யும் பட்டறைக்கு நீ மேற்பார்வையாளன். உன் கீழே பன்னிரண்டு பேர். எல்லாப் பொருளும் விலை வீழ்ந்த அந்த வருடங்களில், தூத்துக்குடியிலும் பட்டறை வைத்திருந்த உன் முதலாளி இரண்டில் ஒன்றை மூடத் தீர்மானித்தார். அன்று செங்கோட்டை இருந்த திருவிதாங்கூருக்கும், தூத்துக்குடி இருந்த பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பெட்டி செய்யக் கப்பலில் வரும் மென்மரத்தின் மதிப்பை ஆண்டுவாரியாக எழுதிக் காட்டச் சொன்னார். எந்த நாட்டில் வரத்து தளரவில்லையோ அங்கே பட்டறை நிற்கும்.

அவர் வரும் நாளில் கொல்லத்திலிருந்து வரும் ரயிலுக்காக நாம் நிலையத்தில் நின்றோம். நீ காகிதத்தை நீட்டினாய்.

"பாருலே, அவங்க பக்கம் சரியுது. நம்ம பக்கம் மலை மாதிரி நிக்குது."

நானும் மகிழ்ந்தேன். பிறகு ஆண்டுகளைப் பார்த்தேன். திருவிதாங்கூர் அரசின் கணக்குப் புத்தகம் மலையாளத்தாரின் கொல்லம் ஆண்டில் இருந்தது. நீ ஒவ்வொன்றோடும் 825-ஐக் கூட்டி, வந்த ஆங்கில ஆண்டுக்கு நேரே எழுதியிருந்தாய். கொல்லம் ஆண்டு அதற்கு முந்தைய வருடம் ஆவணியிலேயே, அதாவது ஆகஸ்டிலேயே, பிறந்துவிடுகிறது. பிரிட்டிஷ் கணக்கோ அந்த ஆங்கில ஆண்டின் ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஆக, நம் தொகை ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு மாதம் முந்தியது. விலை அவ்வளவு இறங்காத காலத்துத் தொகை, இறங்கிவிட்ட காலத்துத் தொகைக்கு எதிரே நின்றது.

"ஆடியில ஐந்தருவியப் பாத்துட்டு, மாசியில பேரருவியப் பாத்து, ஐந்தருவிதான் பெரிசுன்னு சொன்னா எப்படி?" என்றேன்.

உன் முகம் கறுத்தது. நம் தொகைகளை ஒரு வரிசை மேலே ஏற்றிப் பார்த்தாய். இரண்டு நாடும் ஒன்றுபோலச் சரிந்திருந்தன.

"வாய மூடிட்டுப் போலே. பன்னெண்டு குடும்பம். அவருக்கு இது தெரியவா போவுது?"

தூரத்தில் ரயில் கூவியது. நீ காகிதத்தை மடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே முன்னால் நடந்தாய்.

பட்டறையில் முதலாளி காகிதத்தைப் பார்த்து, "கொள்ளாமே!" என்று மலையாளத்தில் மெச்சிச் சிரித்தார். கதவுக்கு வெளியே உன் ஆட்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் எழுந்து சால்வையைத் தோளில் போட்டார். நீ அவருக்கு முன்னால் போய் நின்றாய்.

"முதலாளி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் பண்ணினது. இந்த வாத்தியாருதான் கண்டுபிடிச்சாரு."

இரண்டும் சமம் என்றால் துறைமுகம் பக்கத்தில் இருப்பதுதான் லாபம் என்று செங்கோட்டைப் பட்டறையை மூடிவிட்டார்.

மறுவாரம் உன் ஆட்களில் ஒருவர் கடைத்தெருவில் என்னை மறித்தார். "பள்ளிக்கூடத்துல தப்புக் கண்டுபிடிக்கது போதாதாங்கும் வாத்தியாருக்கு? எங்க அடுப்புலயும் வந்து கண்டுபிடிக்கணுமோ?"

பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "அவன ஏன்யா வையுதிய? முதலாளிகிட்ட வாயத் தொறந்தது நாந்தான. என்ன வையுங்க."

உன்னை மட்டும் தூத்துக்குடிக்கு அழைத்தார்கள். நீ போகவில்லை. ஆறு மாதம் புனலூர் வரை அலைந்து உன் ஆட்களுக்கு வேலை தேடினாய். ஒன்பது பேருக்குக் கிடைத்தது.

ஓய்வு பெறும்வரை உன் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினேன். பிழையைக் கண்டுபிடித்த பிள்ளை துள்ளுவான். பிறகு பட்டறை மூடிய கதையைச் சொல்வேன். "அப்போ சொல்லாமலே இருந்திருக்கலாமே சார்?" என்று வருடந்தோறும் யாராவது கேட்பார்கள். கூடாது என்றுதான் பதில் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லுமுன், வேலை கிடைக்காமல் போன அந்த மூன்று பேரின் பெயரையும் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன்.