கராஜ் லைற்

மே 13, செவ்வாய்

வேலையால் வந்தபோது தபால்பெட்டிக்குள் இந்தப் பகுதிச் செய்திமடல் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கலைகள் செழித்து வளர்கின்றனவாம். படத்தில் பரதநாட்டிய உடுப்போடு எட்டுப் பிள்ளைகள், நடுவில் பொன்னாடையோடு என் அண்ணா. சமூகத் தலைவர் யசீகரன்.

செழிப்புத்தான், இல்லையென்று யார் சொன்னது? மவுண்ட் ரொஸ்கிலில் டெய்ரி என்கிற மூலைக்கடைகளைவிட நடனப் பள்ளிகள் அதிகம். சனிக்கிழமை தவறாமல் ஏதோ ஒரு மண்டபத்தில் ஏதோ ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம். ஆனால் இங்கே ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்ப்பதில்லை. தன் பிள்ளை மேடையை விட்டு இறங்கியதும் குடும்பமே எழும்பிக் காருக்குப் போய்விடும். கடைசி நிகழ்ச்சிக்கு மிஞ்சுவது கதிரைகள்.

மூன்று வருடமாகக் கடைசி நிகழ்ச்சி என் நாடகம்தான்.

மே 18, ஞாயிறு

அண்ணா போன் அடித்தார். அவர் தலைவராயிருக்கும் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா ஓகஸ்ட் பதினாறு.

"இந்த முறையும் கடைசிதான் பிள்ளை. சின்னப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு சனம் காத்திருக்காது."

"கதை என்னண்டு கேக்கேல்லையே அண்ணா?"

"சமூகத்துக்கு ஒரு கருத்து இருக்குதுதானே? பிறகென்ன."

இருக்கிறது. ஒரேயொரு ஆளுக்கான கருத்து. அவர் அதை நாலு பேர் நடுவில் இருந்து கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன், வேறொன்றுக்கும் இல்லை.

மே 25, ஞாயிறு

எழுதியே விடுகிறேன், இது என் கொப்பிதானே.

ஒன்பது வருடத்துக்கு முன், கலியாணமாகிப் பதினோராம் மாதம், கிரைஸ்ட்சேர்ச்சில் புருசனை விட்டுவிட்டு ஒரு சூட்கேஸோடு அண்ணா வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தார். அதற்கு நன்றி இருக்கிறது. தகனினியில் அப்போதுதான் வாங்கிய வீடு; கராஜுக்குள் எனக்கு ஒரு கட்டில் போட்டார்கள். இரண்டு வருடம்.

வீட்டுக்கு ஆட்கள் வரும் நாட்களில் அண்ணா கராஜ் கதவடியில் வந்து நிற்பார். "சனம் வருது. லைற்றை நிப்பாட்டிப்போட்டுச் சத்தம் போடாமல் இரு." அண்ணி சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு முன்கூட்டியே தந்துவிடுவாள். மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் சாப்பிடுவேன். மீன் இருந்தால் முள் தெரியாது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது கேட்பார்கள், "தங்கச்சி எப்பிடி இருக்கிறா?" அண்ணாவின் குரல், "அவளுக்கென்ன, கிரைஸ்ட்சேர்ச்சிலை ராசாத்தி மாதிரி இருக்கிறாள்." சிரிப்பு. நான் மூன்று அடி தள்ளி இருக்கிறேன்.

நாடகம் இவ்வளவுதான். மேடையின் பாதி வெளிச்சமான விருந்து, பாதி இருட்டுக் கராஜ். கடைசிவரை அந்தப் பாதியில் லைற் வராது.

யூன் 7, சனி

கராஜுக்குள் இருக்கும் பெண்ணாக சாந்தகுமாரி நடிக்கிறாள். திருச்சிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாடகத்தை வாசித்துவிட்டு மீன் வருகிற பக்கத்தைத் திரும்பப் புரட்டினாள்.

"அக்கா, இது உங்க கதையா?"

"ஏன் கேக்கிறீர்?"

"மீன் முள்ளு எல்லாம் சும்மா யாரும் எழுத மாட்டாங்க. சரி, நான் பேசுனா உங்க ஊர் பேச்சு வருமா?"

"அவள் வாயே திறக்கிறேல்லை. நீர் சும்மா இருந்தால் போதும்."

அண்ணனாக நடிப்பது பிரதாபன், பஸ் ஓட்டுகிறவர். நல்ல குரல். ஆனால் யார் இருந்து பார்க்கப் போகிறார்கள்? அண்ணாவும் கடைசி நேரத்தில் பிரதம விருந்தினரைக் கார்வரை கொண்டுபோய் விடப் போய்விடுவார். மண்டபம் நிறைந்திருந்தால்தான் தலைவர் மண்டபத்தில் இருப்பார்.

யூன் 8, ஞாயிறு

விடிய எழும்பும்போதே யோசனை வந்தது. பிள்ளைகளைப் போட்டால்? பிள்ளை மேடையில் நிற்கும்வரை ஒரு தாயும் எழும்பமாட்டாள்.

வட்ஸ்அப்பில் போட்டேன்: நாடகத்துக்குச் சிறுவர் தேவை.

யூன் 10, செவ்வாய்

முப்பத்தொரு பெயர்!

யூன் 29, ஞாயிறு

விருந்துப் பக்கம் பத்தொன்பது பேருக்கு மேல் நிற்க இடமில்லை. மிச்சம் பன்னிரண்டு பேரையும் கராஜுக்குள் சாமான்களாக்கிவிட்டேன். ஒன்பது பேர் காட்போர்ட் பெட்டி, ஒருத்தி சைக்கிள், ஒருத்தி ஏணி, தியாகலிங்கத்தாரின் மகள் அபிதா புல்லு வெட்டும் மெஷின். வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று வருடம் வெறும் கதிரைகளுக்கு நாடகம் போட்ட வெட்கத்தோடு பார்த்தால் இது பெரிதில்லை.

அபிதாவிடம் கஷ்டமா என்று கேட்டேன். "It's fine aunty, I just crouch," என்றாள்.

யூலை 20, ஞாயிறு

தியாகலிங்கத்தார் ஒத்திகைக்கு வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்ன தங்கச்சி, பிள்ளை இருட்டுக்குள்ளை நிக்கிறாள். வீடியோ எப்பிடி விழும்?"

"கதை அப்பிடி அண்ணை."

"கதையைக் கொஞ்சம் மாத்துங்கோவன்."

பெட்டிகளின் தாய்மார் எல்லாரும் அவர் பக்கம். ஒரு பெட்டியின் அம்மம்மா லண்டனில் இருந்து லைவில் பார்க்கப் போகிறாராம்.

ஓகஸ்ட் 2, சனி

அண்ணா போன் அடித்தார். முறைப்பாடு அவரிடம் போயிருக்கிறது.

"முழு லைற்றையும் போட்டுவிடு பிள்ளை. எங்கடை பிள்ளையளை ஏன் இருட்டிலை வைச்சிருக்கிறாய்?"

இவர் வாயில் இருந்து இந்தக் கேள்வி! ஒன்பது வருடம் காத்திருந்து கேட்கிறேன். கத்தியிருக்க வேண்டும். கத்தினேனா? இல்லை. "பாப்பம் அண்ணா" என்று வைத்துவிட்டேன். அதே பழைய நிலானிதான் நான்.

ஓகஸ்ட் 16, சனி

உடம்பெல்லாம் உளைகிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

இரண்டு மணி விழா இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. ஆறு பேச்சு, பதினான்கு பொன்னாடை. என் நாடகம் தொடங்கும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. மண்டபம் நிறைந்திருந்தது! ஒரு கதிரை காலியில்லை. அண்ணா முன்வரிசையில். நான் பின்னால் லைற் மேசையில், கராஜ் பக்கத்தை இருட்டாகவே வைத்திருந்தேன்.

ஐந்து நிமிடம் போகவில்லை, "லைற், லைற்" என்று தியாகலிங்கத்தார் எழும்பிவிட்டார். போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். அண்ணா முன்வரிசையில் இருந்து எழும்பி வேகமாக என்னிடம் வந்தார்.

"போடு பிள்ளை. சனம் கத்துது."

"நீங்களே போடுங்கோ அண்ணா." எந்த ஸ்விட்ச் என்று காட்டிவிட்டு விலகி நின்றேன்.

அந்த நேரம் மேடையில் ஒரு விருந்தாளிப் பிள்ளை மழலையாகக் கேட்டது, "தங்கச்சி எப்பிடி இருக்கிறா?" பிரதாபன் நல்லாய் நிமிர்ந்து, "அவளுக்கென்ன, கிரைஸ்ட்சேர்ச்சிலை ராசாத்தி மாதிரி இருக்கிறாள்."

அண்ணாவின் விரல் ஏற்கெனவே ஸ்விட்சில். போட்டுவிட்டார்.

பெட்டிகளுக்கு நடுவில் சாந்தகுமாரி, மடியில் கோப்பை, வாய்க்குள் விரலை விட்டு முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வருமென்று அவளுக்கும் தெரியாது. கண் கூச நேரே எங்களைப் பார்த்தாள்.

பிறகு கைதட்டு. நான் அண்ணாவைத்தான் பார்த்தேன். விரலை எடுக்கவேயில்லை. கைதட்டி முடிந்தபிறகும்.

நன்றியுரையைச் செயலாளர் சொன்னார். தலைவருக்குத் தலையிடியாம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

எல்லாரும் லைற்றைத்தான் புகழ்கிறார்கள். "அந்த இடத்தில் லைற் போட்டது சூப்பர் ஐடியா." எனக்கு வாழ்த்து நாற்பத்திரண்டு. தியாகலிங்கத்தாரின் வீடியோவில் புல்லு வெட்டும் மெஷின் மட்டும் முழுதாக விழுந்திருக்கிறது. சாந்தகுமாரியின் முழங்கால் ஒரு ஓரத்தில்.

அண்ணாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

இன்னும் இல்லை. நான் எதை எதிர்பார்த்தேன்? காலில் விழுவார் என்றா?

ஒக்டோபர் 11, சனி

அண்ணாவின் மகன் ஆதவனின் பிறந்தநாள். அண்ணிதான் கூப்பிட்டாள். தகனினிக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள்.

அண்ணா நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நாடகம் இவளின்ரைதான், ஆனால் அந்த லைற் போட்டது ஆர் தெரியுமோ? நான்!" எல்லாரும் சிரித்தார்கள். தியாகலிங்கத்தார் தோளில் தட்டினார். என் இரண்டு வருடத்தையும் மனுசன் ஒரு பகிடியாக்கிவிட்டார். நான் ஒரு மகளைப் பெற்றிருந்தால் அவளையும் தன்னுடையவள் என்றிருப்பார்.

சோடா எடுத்துவரச் சொல்லி அண்ணி என்னைக் கராஜுக்கு அனுப்பினாள். கட்டில் போய்விட்டது, அந்த இடத்தில் விழாவின் பதாகைகளும் மிஞ்சிய பொன்னாடைகளும். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் லைற்றைப் போடவில்லை. வேண்டுமென்றா, பழக்கமா, தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் அதே சிரிப்பு.

கதவு திறந்தது. அண்ணா, ஐஸ் எடுக்க வந்திருக்கிறார். இருட்டில் நான் நிற்பதைக் கண்டார். ஏன் என்று கேட்கவில்லை. கை ஸ்விட்ச்வரை போய் அங்கேயே நின்றது.

"ரோல்ஸ் ஆறுது, வா" என்றார்.

ஐஸை எடுக்காமலே திரும்பிப் போனார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. விருந்தின் வெளிச்சம் என் கால்வரை வந்தது. உள்ளே இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சோடாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ரோல்ஸ் ஆறித்தான் போயிருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.