புங்கமர நிழலில் மேடத்தின் ஸ்கூட்டர்

ஆடி, திங்கள்
காலையிலிருந்து காற்று. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. என் ஏழாம் வகுப்பில் பாதிக் கண்கள் ஜன்னலுக்கு வெளியே.

ஹெச்.எம். ஸ்டெல்லா மேடம் ஏக உற்சாகம். என் வகுப்புக் கவிநிலாவைச் சக்கர நாற்காலியோடு தினமும் படியேற்றும் நான்கு தோழிகளுக்கு வெள்ளிக்கிழமை பிரேயரில் பரிசு. “நம்ம ஸ்கூலுக்கே பெருமை டீச்சர்.” நானும் தலையாட்டினேன்.

வாங்க வேண்டியது: பேனா 4 (பரிசுக்கு), சிவப்பு மை, கத்தரிக்காய்.

செவ்வாய்
கவிநிலா பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லையாம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், மறுபடி தூக்கி இறக்க வேண்டும்.

“வெள்ளிக்கிழமை நான் லீவு டீச்சர்.”

ஏன்?

“மூட்டை மாதிரி தூக்குறாங்க. எல்லாரும் பாக்குறாங்க. ராம்ப்னா நானே ஏறிடுவேன்.”

படிக்குப் பக்கத்திலேயே ராம்ப், சாய்தளம், இருக்கிறது. அது தொடங்கும் இடத்தை அடைத்துக்கொண்டு ஹெச்.எம். ஸ்கூட்டரும் இருக்கிறது. பள்ளியில் நிழல் என்றால் அங்கே நிற்கும் புங்கமரம்தான்.

கணக்கு சார்: “நியாயந்தான். நீங்களே சொல்லிடுங்க.” பூனைக்கு மணி கட்ட நான்தான் அகப்பட்டேன்.

புதன்
மேடம் அறைக்கு இரண்டு தடவை போய், சாக்பீஸ் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன்.

ஜன்னல் வழியே வண்டியையே பார்த்தார்.

“இத்தனை நாளா ஒருத்தர்கூட சொல்லலியே டீச்சர்.”

“பயம் மேடம்.”

“என்னைப் பாத்தா?”

இன்னொரு பெட்டி சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். மேடத்துக்குக் கோபமா, வருத்தமா, ஒன்றும் பிடிபடவில்லை.

வெள்ளி
காற்று ஓய்ந்து நல்ல வெயில். ஸ்கூட்டர் கேட் பக்கம், வெட்டவெளியில். ராம்பைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

லீவு என்றவள் வந்துவிட்டாள். தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள். பாதியில் நின்றாள். தோழிகள் ஓடினார்கள். மேடம் கையை நீட்டித் தடுத்தார். “இருங்கடி. அவ கூப்பிட்டா போங்க.”

கூப்பிடவில்லை. ஏறிவிட்டாள். நான் அழுதேன், கணக்கு சார் பார்த்துவிட்டார்.

நான்கு பேருக்கும் பேனா உண்டு. கொடுத்தது கவிநிலா.

சாயங்காலம் மேடம் வண்டியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார்.

ராம்ப் மேலிருந்து கவிநிலா: “சீட்டு சுடுதா மேடம்?”

“சுடுது. திங்கக்கெழம பெரிய பாட்டில்ல தண்ணி கொண்டு வாடி. பாதிய நீ குடி. மீதிய இந்தச் சீட்டுல ஊத்து.”