முராயின் உச்சந்தலை

வைகாசி, வெள்ளி இரவு

சந்தோஷத்தில் கை ஓடவில்லை. என் பேரன் அந்தோணி மியூசியத்தில் பறவைத் தோலுக்குப் பஞ்சடைக்கிறவன். ஜொகூரில் பிடித்த முராய்க் குருவியும் போர்னியோ பக்கத்துத் தீவில் பிடித்த முராயும் இன்று தட்டில் மல்லாந்து கிடந்தன. இரண்டுக்கும் வயிறு செம்மண் நிறம். ஒரே வகை என்று மியூசியத்துத் துரை பெயர்ச் சீட்டு எழுத ஆரம்பித்தாராம்.

"கவுத்துப் பாருங்க தொரை, தலை வேற," என்றிருக்கிறான் இவன்.

"பஞ்சடைக்கிறவனுக்கு வாயப் பாரு," என்றாராம் குமாஸ்தா.

துரை கவிழ்த்துப் பார்த்தார். ஜொகூர்க் குருவிக்கு உச்சந்தலை கறுப்பு, தீவுக் குருவிக்கு வெள்ளை. பாதி எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டார். வெள்ளைத் தலை எந்தெந்தத் தீவில் இருக்கிறது என்று பார்த்துவர அவனையே கப்பலில் அனுப்புகிறார்.

"போகட்டுமா பாட்டி?" என்று கேட்டான். கடல் என்றால் எனக்கு நடுக்கம்.

"அந்தக் குமாஸ்தாகிட்ட சொல்லிட்டுப் போடா," என்றேன்.